ஒர்க் யாருக்கு, ஹெல்ப் யாருக்கு?

கடலை பறிக்கிற நாட்களில் திருவரங்குளத்துப் பக்கம் எந்தத் திண்ணையில் பார்த்தாலும் ஒரே காட்சிதான். ஒரு பக்கம் மண்ணோடு செடிக் குவியல், இன்னொரு பக்கம் காய்க் குவியல், நடுவில் பெண்கள். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு நாளில், தொழிலாளர் கணக்கெடுப்புக்காக ஒரு தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா உரம் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். அம்மா திண்ணையில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க எதுவும் ஒர்க் பண்றீங்களா?"

"இல்ல தம்பி. வீட்டுல சும்மாதான் இருக்கேன்."

சொல்லும்போதும் கை நிற்கவில்லை. செடியைப் பிடித்து உதறி, காயைப் பிய்த்துக் கூடையில் போட்டுக்கொண்டேதான் சும்மா இருப்பதாகச் சொன்னார். தம்பிக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"வயலுக்குப் போறதில்லையாக்கா?"

"போவேன். அது அவங்களுக்கு ஒத்தாசைக்கு."

"அப்ப ஹெல்ப்" என்று சொல்லிக்கொண்டே தம்பி கையிலிருந்த டேப்பில் எதையோ தட்டினார். அப்பாவுக்கு 11, அம்மாவுக்கு 21.

அந்த எண்கள் என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை எண் உண்டு. 11 என்றால் சொந்தமாகத் தொழில் செய்பவர். 21 என்றால் குடும்பத் தொழிலில் ஹெல்ப்பர், அதாவது கூலியில்லாமல் ஒத்தாசை செய்பவர். வீட்டு வேலை மட்டும் பார்க்கிற பெண்ணுக்கு 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்கி, கீரை பறித்து, மாட்டுக்குப் புல் அறுத்து, வீட்டுக்குத் துணியும் தைத்தால் 93. இந்த 92, 93 இரண்டும் உழைப்பாளர் படையிலேயே சேராது. விறகும் புல்லும் கீரையும் கொண்டுவந்தும் கணக்கில் அவள் வேலை செய்யாதவள்தான்.

அந்தக் கடலைக்கு யார் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம். விதைக்கடலையை ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்புச் சிதையாமல் எடுத்தது அம்மா. ஏர் ஓட்டிய காலத்தில் பின்னாலேயே நடந்து சாலில் பருப்புப் போட்டதும் அம்மாதான். களை வெட்டியது, மண் அணைத்தது, பறித்தது, ஆய்ந்தது, காயவைத்தது, மழை வந்தால் ஓடிப்போய் அள்ளியது எல்லாம் அம்மாவும் அவரோடு மாற்றாள் முறையில் சேர்ந்துகொண்ட நாலு பெண்களும். உழவு, தண்ணீர் பாய்ச்சுவது, மருந்தடிப்பது, விற்பது அப்பா. அப்பா சோம்பேறி என்று சொல்ல வரவில்லை. பாடுபட்ட மனிதர்தான். ஆனால் விற்ற காசு அவர் சட்டைப்பையில் இருந்ததால் அவர் செய்தது ஒர்க், அம்மா செய்தது ஹெல்ப் ஆனது.

நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். அந்த இரண்டு சொல்லையும் கரும்பலகையில் எழுதி, வீட்டில் இருப்பவர்களை வைத்து ஆளுக்கு இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னேன். 'மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் சிங்கப்பூர்.' 'மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் எ ரைஸ் மில்.' அம்மாவுக்கு வந்ததும் எல்லோரும் அடுத்த சொல்லுக்குத் தாவிவிட்டார்கள். 'மை மதர் ஹெல்ப்ஸ் மை ஃபாதர்', 'ஐ ஹெல்ப் மை மதர்'. கடலை ஆய்ந்து நகக்கண்ணில் மண்ணோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகள் இவர்கள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. எதைத் திருத்துவது?

ஒரே ஒரு பிள்ளைதான் வேறு மாதிரி எழுதியிருந்தாள். 'மை மதர் ஒர்க்ஸ் ஆஸ் எ ஹெல்ப்பர்.' அவளுடைய அம்மா அங்கன்வாடி உதவியாளர்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அப்போதிருந்தே அதில் பெண்களுக்கு இரண்டு பதவி: ஒர்க்கர், ஹெல்ப்பர். தமிழில் பணியாளர், உதவியாளர். ஹெல்ப்பர்தான் முதலில் வந்து கதவைத் திறந்து, கூட்டி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்குக் கால் கழுவி விடுகிறவர். தமிழ்நாடு சிறப்புக் காலமுறை ஊதியம் என்று தருகிறது. ஒன்றிய அரசின் கணக்கிலோ அது சம்பளமே இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரிலிருந்து ஒர்க்கருக்கு மாதம் 4,500 ரூபாய், ஹெல்ப்பருக்கு 2,250 ரூபாய். ஹெல்ப் என்ற சொல்லின் விலை சரிபாதி என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. ஒர்க்கர் என்று பெயர் வைத்த பெண்ணுக்காவது முழு ஒர்க்கரின் உரிமை கிடைத்ததா? அதுவும் இல்லை. பணிக்கொடை கேட்டு வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இரண்டு பேருக்குமே பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பு வந்தது 2022 ஏப்ரலில். திட்டம் தொடங்கி 46 வருடம் ஆகியிருந்தது.

ஹெல்ப் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே இந்தக் கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், கூலிக்கு வீட்டு வேலை செய்த வெள்ளைக்காரப் பெண்கள் தங்களை 'சர்வண்ட்' என்று அழைக்கக் கூடாது, 'ஹெல்ப்' என்றுதான் அழைக்க வேண்டும் என்றார்கள். சர்வண்ட் என்றால் அடிமை வாடை அடிக்கிறது என்பது அவர்கள் வருத்தம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களுக்கு அந்தத் தேர்வு கிடையாது. மரியாதைக்காகக் கேட்டு வாங்கிய சொல் நாளடைவில் முதலாளிகளுக்கே வசதியாகிவிட்டது. ஹெல்ப் என்றால் மணிக்கணக்கு கேட்க முடியாது, விடுப்பு கேட்க முடியாது. இன்று நம் நகரங்களில் 'மெய்ட்' என்று சொல்லக் கூசுகிறவர்கள் 'ஹவுஸ் ஹெல்ப்' என்கிறார்கள். சொல் மென்மையாகியிருக்கிறது, கூலி அப்படியேதான் இருக்கிறது. 2011 ஜூன் 16 அன்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை அவர்களை வீட்டுவேலைத் தொழிலாளர் என்கிறது. இந்தியா இதுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நல வாரியம் வந்தது. ஆனால் தனக்கு வாரியம் இருக்கிறது என்று தெரிந்த பெண்ணை நான் எத்தனை பேரிடம் விசாரித்தும் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

இதில் நானும் யோக்கியம் இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வருகிற அக்காவைப் பற்றி ஒருமுறை போனில், "ஹெல்ப்புக்கு ஒருத்தவங்க வர்றாங்க" என்று சொன்னேன். அவர் காதில் விழுந்துவிட்டது. "நான் வேலைக்கு வர்றேம்மா, ஒத்தாசைக்கு வரல" என்றார் சிரித்துக்கொண்டே. அடுத்த மாதமே கூலி உயர்வும் கேட்டார். கொடுத்தேன். கேட்கிற தைரியம் அந்தச் சொல்லில் இருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலை என்றால் பேரம் உண்டு, ஒத்தாசையில் பேரம் பேசினால் கெட்டவள்.

சமையலறைக்கு வருவோம். வயலில் பெண் செய்வது ஹெல்ப் என்றால், சமையலறையில் ஆண் செய்வதும் ஹெல்ப்தான். "எங்க வீட்டுக்காரர் ரொம்ப ஹெல்ப் பண்ணுவார்" என்று நம்மில் எத்தனை பேர் பெருமையாகச் சொல்கிறோம்? நானே மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே சொல்தான், ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு வேலை செய்கிறது. வயலில் அது அவளைக் கீழே இறக்குகிறது, சமையலறையில் அவனை மேலே ஏற்றுகிறது. வெங்காயம் நறுக்கிக் கொடுத்த ஆணுக்குப் பாராட்டு, வருடம் முழுக்கக் களை வெட்டிய பெண்ணுக்கு 'சும்மா'.

இதற்குக் காரணம் எளிது. ஹெல்ப் என்ற சொல் எங்கே விழுகிறதோ அங்கே அந்த இடம் யாருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. நீ எனக்கு ஹெல்ப் பண்ணுகிறாய் என்றால் காரியம் என்னுடையது. வயலில் அவள் ஹெல்ப்பர் என்றால் வயல் அவனுடையது. சமையலறையில் அவன் ஹெல்ப்பர் என்றால் அடுப்பும் எச்சில் தட்டும் காலம் முழுக்க அவளுடையவை. சொத்தாக இருக்கிற இடத்தில் அவளுக்குப் பங்கில்லை, சுமையாக இருக்கிற இடத்தில் அவனுக்குப் பங்கில்லை. இரண்டையும் ஒரே சொல் சாதித்துக் கொடுக்கிறது.

ஹெல்ப்பா, ஒர்க்கா என்று சந்தேகம் வந்தால் நான் ஒன்று கேட்டுப் பார்ப்பேன். நிறுத்த முடியுமா? ஹெல்ப்பை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அவருக்குத் தலைவலி என்றால் அன்றைக்கு ஹெல்ப் கிடையாது. நமக்குத் தலைவலி என்றால் தைலம் தடவிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைக்கிறோம். 1975 அக்டோபர் 24 அன்று, நம் அங்கன்வாடித் திட்டம் தொடங்கி மூன்று வாரத்தில், ஐஸ்லாந்துப் பெண்கள் இதைச் செய்தே காட்டினார்கள். அந்த நாட்டுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் ஒரு நாள் அலுவலகமும் போகவில்லை, சமைக்கவும் இல்லை, பிள்ளைகளைப் பார்க்கவும் இல்லை. நாடு ஸ்தம்பித்தது. 'வேலைநிறுத்தம்' என்று பெயர் வைத்தால் பல பெண்கள் வரத் தயங்குவார்கள் என்று 'பெண்களின் விடுப்பு நாள்' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அங்கேயும் சொல்லில்தான் சிக்கல் இருந்திருக்கிறது.

2019இல் இந்திய அரசு முதன்முறையாக நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மற்றவர்கள் அன்றைக்கு ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை. 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. நமக்கு 10 நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் 9 நிமிடம் குறைந்துவிட்டது! மிக்ஸியும் குக்கரும் வாஷிங் மெஷினும் குறைத்துக் கொடுத்ததைக்கூட நமக்கென்று விட்டுவைக்க மனசில்லை.

பெண்கள் வேலைக்குப் போவது அதிகரித்துவிட்டது என்று புள்ளிவிவரம் காட்டிப் பெருமைப்படுவதையும் பார்க்கிறோம். 2017-18இல் 23.3 சதவீதமாக இருந்த பெண்களின் பங்கேற்பு 2023-24இல் 41.7 ஆனது உண்மை. ஆனால் வேலை செய்பவராக எண்ணப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் யார் தெரியுமா? என் அம்மாவைப் போன்ற 21ஆம் எண்காரர்கள். கைக்கு ஒரு பைசா வராத ஹெல்ப்பர்கள். கூலி கேட்கும்போது ஹெல்ப்பர், சாதனை சொல்லும்போது ஒர்க்கர்.

அரசுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. வேலைத்தளத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அங்குள்ள பெண்களில் ஒருவரைப் பிள்ளை பார்க்க நியமித்து, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும். வரப்போர வேப்ப மர நிழலில் பிள்ளை பார்த்தால் ஒர்க். அதே பெண் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசப்படி ஏறினால் எண் 92.

வாசப்படியைத்தான் சொல்கிறேன். பையன் வீட்டில் உட்கார்ந்து எழுதினால் ஹோம் ஒர்க். 2020 ஊரடங்கில் கணவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டியது ஒர்க் ஃப்ரம் ஹோம். இரண்டு பேருக்கும் நடுவில் டீயும் தட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவள் செய்ததற்கு மட்டும் இரண்டு பெயரிலும் இடமில்லை. சமீபமாக 'ஹவுஸ்வைஃப்' என்பதை 'ஹோம்மேக்கர்' என்று மாற்றச் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேட்டிலும் அது இருக்கிறது. நல்லதுதான். ஆனால் அதிலும் ஒர்க்கர் என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டார்கள் பாருங்கள். நம் 'இல்லத்தரசி'யைப் பற்றிப் பேசவே வேண்டாம். பட்டா இல்லாத அரசி.

1990களின் தொடக்கத்தில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கேலியையும் பொருட்படுத்தாமல் ஓட்டினார்கள். அம்மாவும் அப்போது கற்றுக்கொண்டவர்தான். எங்கள் தெருப் பெண்கள் பஸ்ஸுக்காகக் காத்து நிற்காமல் ஆலங்குடிச் சாலையில் போய்வந்ததை நான் பார்த்து வளர்ந்தேன், அந்தப் பெருமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த சைக்கிள் கேரியரில் கொஞ்ச நாளிலேயே தண்ணீர்க் குடமும் பிள்ளையும் தீவன மூட்டையும் ஏறிக்கொண்டதையும் பார்த்தேன். "உனக்குத்தான் சைக்கிள் ஓட்டத் தெரியுமே" என்று சொல்லிச் சொல்லியே ஏற்றினார்கள். ஹெல்ப்பர் வேகமான ஹெல்ப்பர் ஆனார்.

இப்படிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும். அன்பில் கணக்குப் பார்ப்பார்களா? அம்மா சோற்றுக்கு விலை பேசுவாயா?

கணக்கு ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவள் செத்த பிறகு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்த்த அட்டவணை, சம்பாதிக்காத மனைவி விபத்தில் இறந்தால் அவளுடைய வருமானத்தைக் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே பிரிவில் வைத்ததை 2010இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2021 ஜனவரித் தீர்ப்பில் அந்த 299 நிமிடக் கணக்கை எடுத்துச் சொல்லி, இல்லத்தில் உழைப்பவளுக்கு வருமானம் கணக்கிடுவது அவள் உழைப்பை அங்கீகரிப்பது என்றது. எல்லாம் இழப்பீட்டு வழக்குகள். பிணத்துக்குத்தான் விலை. உயிரோடு இருக்கிறவள் கேட்டால் பேராசை.

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று பெயர் வைத்ததற்காக நான் சந்தோஷப்பட்டேன், இப்போதும்தான். கோடிக்கும் மேலான பெண்களின் சொந்தக் கணக்கில் பணம் விழுகிறது. ஆனால் 1,000 ரூபாயை 30 நாளால் வகுத்து, 299 நிமிடத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வரவில்லை. உரிமை என்று பெயர் வைத்தாயிற்று, ஊதியம் என்று வைக்க வேண்டியது பாக்கி.

இதை வெறும் சொல் சண்டை என்று நினைக்கிறவர்களுக்காக எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்து காரியம் முடிந்த மறுவாரம் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒன்றரை ஏக்கர். அம்மா நகையையும் விற்று அப்பா பெயரில் வாங்கியது. உயில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நான் மூவருக்கும் சம பங்கு, ஆளுக்கு ஐம்பது சென்ட். சொந்தக்காரர்கள் கூடி உட்கார்ந்து, அம்மாவும் நானும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். "அத்தை, ஒங்களுக்கு எதுக்கு நெலம்? அவன் பாத்துக்க மாட்டானா? மாமாவுக்கு ஒத்தாசையா இருந்த மாதிரி அவனுக்கும் இருந்துட்டுப் போங்க." அப்படிப் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்கு என்ன பெயர் தெரியுமா? விடுதலைப் பத்திரம்.

நான் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பற்றிச் சொன்னேன். வளைகுடாவில் வேலை பார்த்த கணவன் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதன் மூலம் மனைவியும் அதை வாங்கப் பங்களித்திருக்கிறாள், சரிபாதி அவளுக்கு உண்டு என்றது நீதிமன்றம். இங்கே சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஆள் அனுப்பாத தெரு இல்லை. அதனால் கூட்டத்தில் இருந்த பெண்களுக்குச் சட்டென்று புரிந்தது, ஆண்களுக்கு அதைவிடச் சட்டென்று புரிந்தது. "படிச்ச பொண்ணுன்னா இப்படித்தான்" என்று எழுந்துவிட்டார்கள்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. நான் சொன்ன தீர்ப்பெல்லாம் அவர் மனதில் ஏறியதா என்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, பட்டா மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டிய ஒரு படிவத்தை நான் நிரப்பிக்கொண்டிருந்தேன். தொழில் என்ற இடத்தில் பழக்க தோஷத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதப் போனேன். அம்மா பக்கத்தில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். அறிவொளியில் கற்ற எழுத்து.

"வெவசாயம்னு போடு" என்றார்.

விடுதலைப் பத்திரத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. தம்பி என்னோடு பேசுவதில்லை, அம்மாவோடு அளவாகப் பேசுகிறான். ஆடியில் மழை கொஞ்சம் தாமதம் என்றார்கள், ஐம்பது சென்ட்டுக்கு எவ்வளவு விதை வேண்டும் என்று அம்மா தனியாக அளந்து கட்டி வைத்திருக்கிறார்.